லொறித் தராசு மாமியும் முதிரைக் கதவும்

“மூண்டு டன் இழுக்கும்” என்று மச்சான் சொன்ன நொடியில்தான் எனக்கு ஒரு வீடு கிடைத்தது.

நிந்தவூர் எல்லையில் உள்ள ஒரு நெல் மில்லின் வாசல் அது. லொறியை அப்படியே ஏற்றி நிறுக்கிற பெரிய இரும்புத் தட்டு அங்கே நிலத்தோடு நிலமாகப் பதிந்திருக்கும். ராத்தாவின், அதாவது அக்காவின், மாப்பிள்ளையான என் மச்சான், புதிதாக எடுத்த டபுள் கெப் பிக்கப்பில் எங்கள் நெல்லை ஏற்றி வந்து தட்டில் நிறுத்திவிட்டு, பொனட்டைத் தடவித் தடவி அதன் புகழ் பாடிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர்களில் ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது. உம்மாவும் வாப்பாவும் வயிற்றைக் கட்டி எழுப்புகிற வீடு மகளுக்கு. மகன் கலியாணம் முடித்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்குப் போய்விட வேண்டும். எனக்கோ கலியாணமும் இல்லை, வேலையும் இல்லை. கையில் ஒரு பட்டம், படுக்க ராத்தாவின் வீட்டு விறாந்தை. மூன்று டன் என்று கேட்டதும் கணக்குப் போட்டேன்: ஓர் அறை, சமைக்க ஒரு குசினி, ஒரு கக்கூஸ். எல்லாம் சக்கரத்தின் மேல். கெப்பின் பின்னால் கொழுவி பொத்துவிலில் உள்ள உல்லைக் கடற்கரைக்கு இழுத்துப்போய் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம். ஆள் வராத மாதங்களில் நானே குடியிருக்கலாம். உலகமெல்லாம் இப்படி வீட்டை இழுத்துக்கொண்டு திரிவதை வீடியோவில் விடிய விடியப் பார்த்தவன் நான்.

அப்போது தராசு அறையின் ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது.

“இழுக்கிறத ஆரு கேட்ட? எவ்வளவு சுமக்கும் எண்டு சொல்லு.”

அதுதான் மாமி, மில்லில் நிறுக்கிறவர், ஊருக்கே மாமி. பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் வந்து என்னையும் தட்டில் ஏற்றிவிடுவார் என்ற பயத்தில் விடுகிறேன்.

“ரெண்டும் ஒண்டுதானே மாமி” என்றார் மச்சான்.

“ஒண்டா? மாட்டு வண்டில மாடு இழுக்கும். அதே மூட்டைய மாட்டுட முதுகுல வச்சுப் பாரு.”

நாங்கள் இருவரும் சிரித்தோம். மாமி சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதற்கும் ஏதோ ஒரு நிறை வேண்டும் போல.

கறுப்பு அபாயாவின் கைகளை முழங்கை வரை சுருட்டி, ஹிஜாபுக்குள் ஒரு பேனையைச் செருகி, மடியில் கச்சான் கடலைப் பையோடு இருப்பார். முன்னால் நீட்டுக் கம்பியும் அதில் நகர்கிற இரும்புக் குண்டும். அந்தக் குண்டை ஒரு விரலால் தட்டித் தட்டி, கம்பி நடுவில் அசையாமல் நிற்கும் வரை மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவார். யார் எந்த எண்ணைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான்: “கதைய விடு. ஏத்து.”

நெல் மூட்டைக்கு மட்டும் என்றில்லை. மீன்காரர் “பத்துக் கிலோப் பாரை” என்று சைக்கிளில் கூவிக்கொண்டு போனால் கூப்பிட்டு ஏற்றச் சொல்வார். லொறித் தராசில் பத்துக் கிலோ தெரியவே தெரியாது என்பது அவருக்கும் தெரியும், மீன்காரருக்கும் தெரியும். ஆனாலும் மாமி இறங்கி வந்து தட்டைப் பார்ப்பதற்குள் மீன்காரர் “எட்டரை இரிக்கும் மாமி” என்று தானாகவே இறங்கிவிடுவார். மாமிக்கு அது போதும்.

ஆட்களைப் பார்த்தாலும் அதே வேலைதான். நான் பல்கலைக்கழகம் முடித்து வந்த கையோடு ஸலாம் சொல்லப் போனேன். மேலிருந்து கீழே ஒரு பார்வை.

“அறுவத்திரெண்டு. என்னத்தடா படிச்ச, ஒரு கிலோவும் கூடல்ல?”

அன்றைக்கே பார்மசித் தராசில் ஏறி நின்று பார்த்தேன். அறுபத்திரண்டு.

இந்தக் குணத்தால் சிலருக்குச் சோறு கிடைத்தது, சிலருக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் வரிப்பத்தான்சேனையிலிருந்து ஒரு வயல்காரர் தன் நெல்லை வியாபாரியின் லொறியில் ஏற்றி வந்திருந்தார். நெல்லோடு நிறுத்தபோது லொறிக்குள் சாரதி மட்டும். நெல்லை இறக்கிவிட்டு வெறும் லொறியை நிறுக்க வந்தபோது, கண்ணாடியை ஏற்றிவிட்டு நான்கு கூலியாட்கள் உள்ளே படுத்துக் கிடந்தார்கள். வெறும் லொறி எவ்வளவு கூடுதலாகக் கனக்கிறதோ அவ்வளவு நெல் வயல்காரருக்குக் குறையும். நான்கு ஆள் என்றால் நாலு மூட்டை நெல் காற்றில் போச்சு. மாமி குண்டைத் தட்டினார், நிறுத்தினார், எழுந்து போய் லொறிக் கதவில் அடிமட்டக் கோலால் அடித்தார்.

“நெல்லெல்லாம் இறங்கிட்டு. உள்ளுக்கு நாலு மூட்டை கிடக்கு. அதையும் இறக்குங்க.”

“நாங்க மனுசர் மாமி” என்று ஒருவன் கண்ணைக் கசக்கினான்.

“மனுசருக்கும் நிறை இரிக்கிடா. லொறிக்குள்ள ஏறினா காத்தாப் போயிருவியளா?”

குர்பானுக்கு மாடு அறுக்கிற ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் மாட்டுத் தரகர்கள் அந்த வழியாலேயே போக மாட்டார்கள். ஒரு புதுத் தரகருக்கு மட்டும் அது தெரியாது. “முன்னூத்தம்பது கிலோக் காளை” என்று வீதியில் நின்று சத்தம் போட்டார். மாமி கயிற்றை வாங்கித் தானே இழுத்துவந்து தட்டில் ஏற்றினார். காளை தட்டில் ஏறியதும் தன் அபிப்பிராயத்தை அங்கேயே சாணமாகப் போட்டது. மாமி அசையவில்லை.

“இருநூத்தி அறுவது. சாணிக்குப் பத்தக் கழி. இருநூத்தம்பது.”

“குர்பான் மாட்ட இப்பிடி நிறுக்கக் கூடாது மாமி.”

“எந்த ஹஸரத் சொன்ன? அவரையும் கூட்டி வா, ஏத்திப் பாப்பம்.”

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். சிரிக்க முடியாதது ஒன்றும் இருக்கிறது. மாமியின் ஒரே மகளுக்கு அட்டாளைச்சேனையில் மாப்பிள்ளை. கலியாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த சங்கிலியை எல்லோரும் கைமாற்றிப் பார்த்தார்கள். மாமியின் கைக்கு வந்ததும் அவர் முகம் மாறியது. கைப்பைக்குள்ளிருந்து சின்னத் தராசு ஒன்றை எடுத்தார். ஆம், கலியாணத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். சொன்னதைவிடச் சங்கிலி கொஞ்சம் குறைவு. கொஞ்சம்தான். சபையில் சொல்லிவிட்டார். கலியாணம் ஒருவழியாக நடந்தது. ஆனால் மகள் ஒரு வருடம் தாயோடு கதைக்கவில்லை.

“கொஞ்சம் கண்ண மூடி இரிந்தா என்ன மாமி?” என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். எனக்கு எப்போதும் வாய் முந்தும்.

“கண்ண மூடினன் மனே. கையில தெரிஞ்சிட்டே.”

கச்சானை உடைத்தார். உடைத்த பருப்பை மடியிலேயே வைத்திருந்தார், தின்னவில்லை.

இப்படிப்பட்ட ஆள் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கணினியில் ஒரு பட்டியல் போட்டேன்: அச்சு, சக்கரம், இரும்புச் சட்டம், மெல்லிய பலகை, தண்ணீர்த் தாங்கி. கூட்டினால் ஆயிரத்து ஐநூறு கிலோ. மூன்று டன் இழுக்கிற கெப்புக்கு அது பாதி. மச்சான் “இன்னொரு வீட்டையும் பின்னால கொழுவலாம்டா” என்றார்.

வேலை தொடங்கிய மூன்றாம் நாள் உம்மா வீடு செய்கிற பட்டறைக்கு வந்தார். மெல்லிய பலகையை விரலால் சுண்டிப் பார்த்தார்.

“இது வீடா, கோழிக் கூடா?”

“பாரம் குறையணும் உம்மா.”

“என்ட மகன்ட வீட்டப் பாத்து ஊரு சிரிக்கணுமா? வாசல் கதவு முதிரையில இரிக்கணும்.”

வேறு எந்த ஊரிலும் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டார்கள். எங்கள் உம்மாமாருக்கு வீடு என்றால் ஒரே அச்சுத்தான்: மகளுக்குக் கொடுக்கிற வீடு. மாப்பிள்ளை வீட்டார் வந்து கதவைத் தட்டிப் பார்ப்பார்கள், நிலத்தைப் பார்ப்பார்கள், குசினிக் கல்லைத் தடவுவார்கள். உம்மா அந்தக் கண்ணோடுதான் என் சக்கர வீட்டையும் பார்த்தார். முதிரை மரக் கதவு வந்தது. தூக்க இரண்டு ஆள். நிலத்துக்குச் சீமெந்து போட்டு டைல்ஸ் பதித்தோம். குசினிக்குக் கருங்கல் பலகை. இருநூறு லீற்றர் தண்ணீர்த் தாங்கியை முன்பக்கம் வைத்தோம், குசினி அங்கேதான் என்பதால். ஒவ்வொன்றும் ஏறும்போது நான் கணினிப் பட்டியலைத் திறக்கவேயில்லை. திறந்தால் கூட்ட வேண்டிவரும்.

முதல் பயணம் ஒரு சனிக்கிழமைக் காலை. பொத்துவிலுக்கு. எங்கள் பக்கத்தில் பயணம் என்றால் பயணம் போகிறவர் மட்டும் போவதில்லை. மச்சான், ராத்தா, அவர்களின் மூன்று பிள்ளைகள், உம்மா, சாச்சி, சாச்சா, நான். ஒன்பது பேர். கெப்பின் பின் பெட்டியில் பிரியாணிச் சட்டி, சஹன் தட்டு, அரிசி, விறகு, ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி, நான்கு தர்பூசணி, அவற்றின் மேல் சாச்சா. இந்தக் கெப்தான் விடியக் காலையில் மருதமுனையிலிருந்து மீன் ஏற்றப் போவது. ராத்தாவின் வீட்டு அடுப்பு எரிவது இதில்தான். அதை மச்சான் எனக்காகத் தந்திருந்தார்.

சாய்ந்தமருதிலிருந்து புறப்படும்போதே கெப் வானத்தைப் பார்த்தது. பின்பக்கம் குந்தியிருந்தது. “எஞ்சின் அலுங்காம இழுக்குது பாரு” என்றார் மச்சான், பெருமையாக. உண்மை. இழுவையில் ஒரு குறையும் இல்லை.

காரைதீவுச் சந்தியில் அம்பாறை பஸ் திரும்பி வந்தது. மச்சான் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். கெப் திரும்பவில்லை. முன் சக்கரங்கள் ரோட்டில் இருந்தனவே தவிர, ரோட்டைப் பிடித்திருக்கவில்லை. ஒரு மூச்சு நேரம் நாங்கள் நேராக பஸ்ஸை நோக்கிப் போனோம். மச்சான் பிரேக்கில் ஏறி நின்றார், பின்னால் வீடு தள்ளியது, பஸ்காரன் ஒதுக்கிக்கொண்டான். எல்லாம் நின்றபோது ராத்தாவின் சின்னப்பிள்ளை அழக்கூட மறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின் பெட்டியிலிருந்து சாச்சா சாகப்போகிறவர் போலக் கலிமாச் சொல்லும் சத்தம் கேட்டது.

மச்சான் நடைவேகத்தில் ஓட்டி, அந்த நெல் மில் வாசலுக்குள் திருப்பினார்.

மாமி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். குந்தியிருந்த கெப்பைப் பார்த்தார். முதிரைக் கதவைப் பார்த்தார். அப்புறம் என்னை.

“கதைய விடு. ஏத்து.”

கெப்பைக் கழற்றி வீட்டை மட்டும் தட்டில் ஏற்றினோம். இரண்டாயிரத்து முன்னூற்று அறுபது. என் பட்டியல் அங்கேயே செத்தது. மச்சானுக்கு மட்டும் கொஞ்சம் உயிர் வந்தது.

“பாத்தீங்களா மாமி, மூண்டு டன்னுக்குள்ளதானே?”

“பொறு. இதுட மூக்க மட்டும் ஏத்து.”

வீட்டின் சக்கரங்களைத் தட்டுக்கு வெளியே விட்டு, கெப்பில் கொழுவுகிற முன் முனையின் காலை மட்டும் தட்டில் ஊன்றினோம். மாமி குண்டைத் தட்டினார்.

“நானூத்தி முப்பது. இது உன்ட கெப் இழுக்கிறது இல்ல. சுமக்கிறது. கொழுவின உடன இந்த நானூத்தி முப்பதும் கெப்புட முதுகுல ஏறிக் குந்திரும்.”

அதன் பிறகு ஆட்களையும் சாமானையும் இறக்கிவிட்டு வெறும் கெப். ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபது. மாமி வந்து சாரதிக் கதவைத் திறந்து, நடுத்தூணில் ஒட்டியிருந்த ஒரு சின்னத் துண்டை விரலால் காட்டினார். எல்லாப் பாரத்தோடும் சேர்த்து கெப் இவ்வளவுக்கு மேல் கனக்கக் கூடாது என்று அதில் இருந்தது: இரண்டாயிரத்துத் தொளாயிரத்துப் பத்து.

“நான் அது கம்பனி விளம்பரம் எண்டு நினைச்சன்” என்றார் மச்சான்.

கழித்தேன். சுமக்கக் கூடியது தொளாயிரத்து நாற்பது. வீட்டின் மூக்குக்கு நானூற்று முப்பது போக, மிச்சம் ஐநூற்றுப் பத்து.

“இப்ப எல்லாரையும் சாமானோட ஏத்து” என்றார் மாமி. வீடு இல்லாமல், ஆட்களும் சட்டிகளும் தர்பூசணியுமாகக் கெப் மறுபடி தட்டில் ஏறியது. எழுநூற்று அறுபது கிலோ கூடியிருந்தது.

மாமி என்னைப் பார்த்தார். “கூட எவ்வளவு?”

“இருநூத்தம்பது.”

“ஒரு குர்பான் மாட்ட மடியில வச்சிட்டுப் போறாய். ஆட்களக் கணக்கில எடுத்தியா?”

“இல்ல.”

“ஏன், காத்தா?”

எனக்கு மூளை அவசரமாக ஓடியது. சாமானையெல்லாம் வீட்டின் பின்பக்கம் ஏற்றினால் மூக்கு இலேசாகும் என்றேன்.

“உழவு மெசின் இழுக்கிற பெட்டியில வால் பக்கம் நெல்ல அடுக்கினவன் என்ன ஆன? பெட்டி வால ஆட்டி மெசினையும் வயலுக்குள்ள இழுத்துட்டுப் போச்சு. கொஞ்சம் கனம் மூக்குல இரிக்கத்தான் வேணும். உன்ட வீட்டு மூக்குல கூடிட்டு. கதவக் கழட்டு, நிலத்த உடை, தண்ணியத் திறந்து விடு.”

மறுபடி ஏறிக் கெப்பின் முன் இருக்கையில் இருந்த உம்மா கண்ணாடியை இறக்கினார்.

“வீட்டுக்குக் கதவு வேணாமா?”

“வீட்டுக்கு வேணும். இதுக்கு வேணாம்.”

“இது வீடில்லாம வேறென்ன?”

“இது பாரம், புள்ள.”

உம்மாவின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். தன் மகனுக்கு யாரும் கொடுக்காத ஒன்றைக் கொடுத்துவிட்டோம் என்று அந்தக் கதவில் கை வைத்துத்தான் அவர் அன்று காலை பிஸ்மிச் சொல்லி ஏறியிருந்தார்.

“மகன், கொழுவு. மெதுவாப் போவம். அல்லாஹ் பாத்துப்பான்” என்றார்.

நான் கொழுவப் போனேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சந்தியில் நடந்ததைப் பார்த்தும், எண்களைக் கேட்டும், உம்மாவின் முகத்துக்காகப் போனேன். நிமிர்ந்தபோது மில் வாசலில் சங்கிலி இழுத்திருந்தது. அதற்குப் பின்னால், தன் கதிரையைக் கொண்டுவந்து போட்டு, மாமி உட்கார்ந்திருந்தார்.

“நீங்க என்ன பொலிசா?” என்று உம்மா கத்தினார்.

“நான் நிறுத்துப் பாத்தவ. எனக்குத் தெரியாம நீங்க போயிருந்தா அது உங்கட பாடு. இப்ப எனக்குத் தெரியும். அந்தப் புள்ளைக்கு ஒண்டு நடந்தா, மறுமையில கேள்வி எனக்கும் இரிக்கி.”

சின்னப்பிள்ளையைக் காட்டினார். ராத்தா அதைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அதோடு முடிந்தது. ராத்தா இறங்கினால் மச்சான் இறங்குவார், மச்சான் இறங்கினால் கெப் நிற்கும். வீடு மில் முற்றத்தில் நின்றது. நாங்கள் அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து பொத்துவில் பஸ்ஸில் ஏறி, பிரியாணிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். உம்மா வழியெல்லாம் என்னோடு கதைக்கவில்லை. மறுகா ஒரு மாதமும் கதைக்கவில்லை.

இது மூன்று வருடத்துக்கு முந்தைய கதை. இப்போது அந்த மில்லில் ஒவ்வொரு கிலோவையும் காட்டி எண்களைத் தானே அச்சடிக்கிற புதுத் தராசு. மாமி அட்டாளைச்சேனையில் மகளோடு. பேத்தி பிறந்த அன்று ஆஸ்பத்திரித் தாதி சொன்ன நிறையை நம்பாமல் “இன்னொருக்கா ஏத்து” என்றாராம். மகள் சிரித்தாராம். தராசுக்காரர் மாறிய பிறகும் வியாபாரியின் லொறி வந்தால் நான் ஓரமாக நின்று கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்கிறேன். ஒருமுறை இரண்டு பேரைப் பிடித்துமிருக்கிறேன்.

வீட்டையும் சும்மா விடவில்லை. முதிரைக் கதவு இப்போது ராத்தாவின் குசினிக்குப் போய்விட்டது. அங்கே அது பொருத்தம். டைல்ஸை உடைத்த அன்று உம்மா கதவடைத்துப் படுத்துவிட்டார். கருங்கல்லுக்குப் பதில் அலுமினியம். தாங்கியை அச்சுக்கு மேல் நகர்த்தினேன். தண்ணீரைப் பொத்துவிலில் போய்த்தான் நிரப்புவது. போன வாரம் தட்டில் ஏற்றினேன். ஆயிரத்துத் தொளாயிரம். மூக்கு இருநூற்று நாற்பது. கெப்பில் எழுநூறு கிலோவுக்கு இடம்.

இந்த முறை பட்டியலைத் திறந்து ஒவ்வொருவரையும் எழுதினேன். மச்சான், ராத்தா, மூன்று பிள்ளைகள், நான். சாச்சியும் சாச்சாவும் சிரித்துக்கொண்டே தராசில் ஏறி நின்றார்கள். விறகும் தர்பூசணியும் வெட்டு. ஜெனரேட்டர், சட்டி, ஐஸ் பெட்டி எல்லாம் தனித்தனியே நிறுத்தாயிற்று. கூட்டிக் கழித்தால் எழுபத்து நான்கு கிலோ மிச்சம். அது உம்மாவுக்கு.

“ஒங்கட நிறை எவ்வளவு உம்மா?” என்று நேற்றுக் கேட்டேன்.

“அறுவத்தஞ்சு இரிக்கும்” என்றார், வெற்றிலையை மடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல்.

சனிக்கிழமை பொத்துவில். அதற்கு முன், வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஊர் உறங்குகிற நேரம் பார்த்து, உம்மாவை மில்லுக்குக் கூட்டிப்போய்த் தட்டில் ஏற்றப் போகிறேன்.